எரியாத மூடையும் தீயை வளர்க்கும்
வன்னிக் களஞ்சியங்களில் இருக்கும் வெள்ளைத் தூள்கள் பற்றி வியாபாரிகள் அறிய வேண்டியவை

பசளைக் கடையோ ஹாட்வெயார் கடையோ வைத்திருக்கும் ஒரு சகோதரரிடம், "உங்கள் களஞ்சியத்தில் தீப்பிடிக்கக்கூடிய சாமான் எது?" என்று கேட்டால், அவர் தயங்காமல் மண்ணெண்ணெய்ப் பரலையும் பெயின்ட் தின்னர் போத்தல்களையும் காட்டுவார். தீப்பிடிக்காதது எது என்று கேட்டால், சுவரோரம் அடுக்கியிருக்கும் வெள்ளைத் தூள் மூடைகளைக் காட்டுவார். அவர் சொல்வது இரண்டும் சரிதான். ஆனால் அந்த இரண்டாவது பதிலை நம்பியே பலர் கடையையும் களஞ்சியத்தையும், சிலர் உயிரையும் இழந்திருக்கிறார்கள்.

தான் எரியாமலே பிற பொருட்களை மூர்க்கமாக எரியவைக்கும் பொருட்கள் உண்டு. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் இவற்றை ஒட்சியேற்றிகள் என்று படித்திருப்போம். நெருப்புக்கு மூன்று தேவை: எரிபொருள், வெப்பம், ஒட்சிசன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதம்தான். அதனால்தான் சாதாரணத் தீயை ஈரச் சாக்கால் மூடினால் அடங்கிவிடுகிறது. ஒட்சியேற்றும் திண்மம் ஒன்று தீயில் அகப்பட்டாலோ அது தன்னுள் இருக்கும் ஒட்சிசனையே தீக்குக் கொடுக்கும். சாக்கால் மூடினாலும் மண்ணைப் போட்டாலும் அது நிற்காது. போட்ட சாக்கும் சேர்ந்தே எரியும்.

ஒரு திண்மப் பொருளுக்கு இந்தக் குணம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இது ஆய்வுகூடத்தாருக்கு மாத்திரம் உரிய கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே கூரையின் கீழ் பசளையும் எண்ணெயும் சாக்கும் வைத்து வியாபாரம் செய்வோருக்கே இது மிகவும் வேண்டிய கேள்வி. அதனால்தான் இந்த வாரம் இதை எழுத எடுத்துக்கொண்டேன்.

தடைப்பட்டியலும் இரசாயனமும்

வன்னி மக்களுக்கு "ஆபத்தான இரசாயனம்" என்ற சொல் புதிதல்ல. 1990களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு அனுப்பத் தடைசெய்யப்பட்ட, மட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருள், சீமெந்து, பற்றரி ஆகியவற்றோடு யூரியாவும் இருந்தது. வயலுக்கு யூரியா கிடைக்காத விவசாயியின் கஷ்டத்தை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. 2002 ஜனவரியில் பெரும்பாலான தடைகள் நீக்கப்பட்டன. அவ்வாண்டு ஏ-9 வீதி திறந்தது; 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது; 2009இல் யுத்தம் முடிந்தது. இந்த நீண்ட காலத்தில் ஓர் எண்ணம் மக்கள் மனதில் பதிந்துவிட்டது: அரசாங்கம் தடுத்தது ஆபத்தானது, தடுக்காதது ஆபத்தில்லாதது.

வியாபாரிக்கு இந்த அளவுகோல் உதவாது. யூரியா தடுக்கப்பட்டதற்குப் பாதுகாப்புத் தரப்பினர் கொண்டிருந்த காரணம் வேறு. களஞ்சியத்துத் தீயைப் பொறுத்தவரை யூரியா ஒட்சியேற்றி அல்ல. மறுபுறத்தில் எந்தச் சோதனைச் சாவடியும் இன்றி இன்று கடைக்கு வந்து இறங்கும் சில பொருட்கள் சந்தேகத்துக்கு இடமின்றி ஒட்சியேற்றிகள்.

அவை எவை? மிளகாய்க்கும் பப்பாசிக்கும் சொட்டு நீரோடு விடும் பொற்றாசியம் நைத்திரேற்று ஒன்று. கிணறு சுத்திகரிக்கப் பயன்படும் வெளிற்றும் தூள் இன்னொன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இதை ரீ.சி.எல். என்பார்கள். அதைவிடக் காரமான கல்சியம் ஐப்போகுளோரைற்று மற்றொன்று. ஊரிலே கொண்டிஸ் என்று சொல்லும் ஊதா நிறப் பளிங்கு, அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று, இன்னுமொன்று.

குளோரீனுக்கும் வன்னிக்கும் பழைய உறவு உண்டு. ஆனையிறவு உப்பைக் கொண்டு காஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கிளிநொச்சி மாவட்டத்திலேயே இயங்கியது. யுத்தத்தினால் 1980களின் நடுப்பகுதியில் அதன் உற்பத்தி நின்றது. நீற்றிய சுண்ணாம்பின் மீது குளோரீன் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பதே வெளிற்றும் தூள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது ஏற்பட்டது போன்ற நிலைமைகளில், கிணறுகளை இறைத்துக் குளோரீன் இட்ட பின்புதான் குடிக்க முடியும். ஆகவே இந்தத் தூள் எமக்கு வேண்டிய பொருள். வேண்டாம் என்று ஒதுக்க முடியாத பொருளை அறிந்து வைத்திருப்பதே புத்தி.

முதற்படி: தாளிலே பார்ப்பது

ஒரு திண்மம் ஒட்சியேற்றியா என்று பார்க்கும் வேலை தீக்குச்சியோடு தொடங்குவதில்லை. தாளும் பேனையும் கொண்டு தொடங்குகிறது. ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட, ஆபத்தான பொருட்களின் போக்குவரத்துக்கான பரிசோதனைக் கைந்நூலும் வகைப்படுத்தல் விதிகளும் இதற்கு எளிய வடிகட்டி ஒன்றைத் தருகின்றன.

காபன் சேர்ந்த சேதனப் பொருளானால் அதில் ஒட்சிசன், புளோரீன், குளோரீன் மூன்றும் இல்லையா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பரிசோதனை தேவையில்லை. இருந்தாலும் அவை காபனோடு அல்லது ஐதரசனோடு மாத்திரம் பிணைந்திருந்தால் அப்போதும் தேவையில்லை. அசேதனப் பொருளானால் ஒட்சிசனோ, குளோரீன் போன்ற அலசன்களோ அறவே இல்லாதிருந்தால் தேவையில்லை. மற்ற எல்லாம் மேலதிகமாகப் பார்க்கப்பட வேண்டியவை.

இதை எமது மூடைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். யூரியா மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் அணு உண்டு. அது காபனோடு மாத்திரம் பிணைந்திருக்கிறது. எனவே யூரியா தாளிலேயே தேறிவிடுகிறது. பொற்றாசியம் நைத்திரேற்றில் மூன்று ஒட்சிசன் அணுக்கள் நைதரசனோடு பிணைந்திருக்கின்றன. அது வடிகட்டியில் நின்றுவிடும். நிற்கவும் வேண்டும், ஏனெனில் அது ஒட்சியேற்றி. வெளிற்றும் தூளில் ஒட்சிசன் குளோரீனோடு பிணைந்திருக்கிறது. அதுவும் அப்படியே.

ரி.எஸ்.பி. பசளையிலும் ஒட்சிசன் உண்டு. அது பொசுபரசோடு பிணைந்தது. எம்.ஓ.பி. பசளையில் குளோரீன் உண்டு. இந்த இரண்டும் கூட எழுத்தளவில் வடிகட்டியில் நிற்கும். ஆனால் இவை ஒட்சியேற்றிகள் அல்ல என்பது நீண்ட அனுபவத்தில் தெரிந்தது. அதாவது இந்த வடிகட்டி யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பதில்லை. யாரை மேலும் விசாரிக்கத் தேவையில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம். அமோனியம் சல்பேற்றும் அமோனியம் நைத்திரேற்றும் காதுக்கு அண்ணன் தம்பி போலக் கேட்கும். முதலாவது சாதாரணப் பசளை. இரண்டாவது பல நகரங்களை அழித்த பொருள். எமது நாட்டில் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றி இறக்குமதி செய்யவோ வைத்திருக்கவோ முடியாதது.

மற்றைய உதாரணம் கல்சியம் நைத்திரேற்று. தூய கல்சியம் நைத்திரேற்று 1454 என்ற ஐ.நா. இலக்கத்தின் கீழ் ஒட்சியேற்றியாக வகைப்படுகிறது. அதே பெயரில் விற்கப்படும் பசளைத் தரம் ஒன்று உண்டு. அது கல்சியம் நைத்திரேற்றும் அமோனியம் நைத்திரேற்றும் சேர்ந்த இரட்டை உப்பு. அதில் அமோனியம் நைத்திரேற்று 10 வீதத்துக்கு மேற்படாமலும் பளிங்கு நீர் 12 வீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் அது போக்குவரத்து விதிகளிலிருந்து விலக்கப்படுகிறது. ஒரே பெயர், இரண்டு சட்டம். பையில் அச்சடித்திருப்பதை முழுமையாக வாசிக்காதவருக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை.

ஒரு கடையில் கேட்டது

வவுனியாவில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரிடம் இது பற்றிப் பேசினேன். களஞ்சியம் நன்றாகவே இருந்தது. துப்புரவு, ஒழுங்கான கணக்கு, எலித் தொல்லை இல்லை. ஒரு மூலையில் திறந்த ஐப்போகுளோரைற்று வாளி. அதற்குப் பக்கத்தில் வெற்றுச் சாக்குகள். இரண்டடி தள்ளி பிறேக் ஒயில் பெட்டிகள்.

"நானா, இந்த வாளியை ஏன் இங்க வைச்சிருக்கிறீங்க?" என்றேன்.

"கிணத்துக்குப் போடுற தூள்தானே தம்பி. அது எரியாது. வேணுமெண்டா கொளுத்திப் பாருங்க" என்று சிரித்தார்.

"கொட்டுப்பட்டா என்ன செய்வீங்க?"

"மரத்தூளைப் போட்டுக் கூட்டி அள்ளுவம். எண்ணெய் சிந்தினாலும் அதுதான், இது சிந்தினாலும் அதுதான்."

தூள் தனியே எரியாது என்று அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் மரத்தூளைப் பற்றி அவர் சொன்னபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஆய்வுகூடத்துப் பரிசோதனைதான். ஏனென்றால் அங்கே ஒட்சியேற்றியைக் கண்டுபிடிக்கச் செய்வதும் ஏறத்தாழ இதே கலவையைத்தான்.

இரண்டாம் படி: ஆய்வுகூடத்தில் நடப்பது

திண்மங்களுக்கான அந்தப் பரிசோதனைக்கு ஓ.1 என்று பெயர். வேலை சிக்கலானதல்ல. சந்தேகத்துக்குரிய பொருளை உலர்த்திய செலுலோசு நார்த்தூளோடு கலக்கிறார்கள். ஒரு தடவை நான்குக்கு ஒன்று, இன்னொரு தடவை ஒன்றுக்கு ஒன்று என்ற நிறை விகிதத்தில். ஒவ்வொரு கலவையிலும் 30 கிராம் எடுத்து, 70 மில்லிமீற்றர் அடி விட்டமுள்ள சிறு கூம்பாகக் குவிக்கிறார்கள். குவியலின் அடியில் ஒரு கம்பி வளையம். அதற்கு 150 வாற்று மின்வலு கொடுத்துச் சூடேற்றுகிறார்கள். பற்றாவிட்டால் 3 நிமிடம் வரைதான் பார்ப்பார்கள். பற்றினால் எரிந்து முடிய எத்தனை செக்கன் என்று அளக்கிறார்கள். ஐந்து தடவை செய்து சராசரி எடுக்கிறார்கள்.

எமது வியாபாரத்தில் படிக்கல் போல இங்கேயும் ஒப்பிடுவதற்கு ஒன்று வேண்டும். அதற்குப் பொற்றாசியம் புரோமேற்றையும் செலுலோசையும் கலந்த மூன்று கலவைகள் வைத்திருக்கிறார்கள். மூன்றுக்கு ஏழு, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு என்பன அவற்றின் விகிதங்கள். பரிசோதிக்கும் பொருளின் கலவை மூன்றுக்கு ஏழு கலவையின் நேரத்துக்குள் எரிந்து முடிந்தால் அது ஒட்சியேற்றி, மூன்றாம் தரம். இரண்டுக்கு மூன்று கலவையின் நேரத்துக்குள் முடிந்தால் இரண்டாம் தரம். மூன்றுக்கு இரண்டு கலவையையும் முந்திவிட்டால் மிகவும் ஆபத்தான முதலாம் தரம். பற்றவே இல்லை அல்லது எல்லாவற்றையும் விட மெதுவாக எரிகிறது என்றால் அது இந்த வகுப்பில் சேராது.

பொற்றாசியம் புரோமேற்று புற்றுநோய் ஏற்படுத்தக்கூடியது என்ற சந்தேகமும் எரியும் நேரத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பதில் வரும் வேறுபாடுகளும் காரணமாக, பின்னர் ஓ.3 என்ற இன்னொரு முறையும் சேர்க்கப்பட்டது. அதில் படிக்கல் கல்சியம் பரவொட்சைட்டு. குவியலைத் தராசின் மேல் வைத்தே எரித்து, நிறை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பதிகிறார்கள்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பரிசோதனைக்கு வந்த பொருளில் அரை மில்லிமீற்றருக்கும் சிறிய துகள்கள் 10 வீதத்துக்கு மேல் இருந்தால், அல்லது அது இலகுவில் உதிரக்கூடியதாக இருந்தால், முழுவதையும் அரைத்துத் தூளாக்கியே பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. ஏன்? லொறியில் குலுங்கி, தோளில் ஏறி இறங்கி, மூடை கடைக்கு வரும்போது அதில் இருப்பது தொழிற்சாலையில் நிரப்பிய மணிகளாக இருக்காது, பொடியாகவே இருக்கும். கொழும்பிலிருந்து முல்லைத்தீவு வரை வரும் மூடையின் நிலைமையை விதி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தது போல இருக்கிறது.

இனி அந்தச் செலுலோசுக்கு வருவோம். செலுலோசு என்றால் என்ன? பஞ்சு, கடதாசி, மரம், சணல், வைக்கோல் எல்லாவற்றின் உடலும் அதுதான். ஆய்வுகூடத்தில் 30 கிராம் அளவில், பாதுகாப்போடு, வேண்டுமென்றே செய்யும் கலவையை நாம் களஞ்சியத்தில் மூடைக் கணக்கில், அறியாமல் செய்துகொண்டிருக்கிறோம். கிழிந்த நைத்திரேற்றுப் பை சணல் சாக்கின் மேல் சிந்துகிறது. ஐப்போகுளோரைற்றை மரத்தூளோடு கூட்டிக் குப்பை வாளியில் போடுகிறோம். மரப்பலகைத் தட்டின் இடுக்குகளில் வருடக் கணக்கில் தூள் படிகிறது. கம்பி வளையம்தான் இல்லை. பழுதான மின்வயரோ அணைக்காத பீடித் துண்டோ அந்த வேலையைச் செய்துவிடும். ஐப்போகுளோரைற்று எண்ணெயோடும் கிறீஸோடும் சேர்ந்தால் பொறியும் தேவையில்லை. தானே சூடேறிப் பற்றும்.

(இந்தப் பரிசோதனையை யாரும் கடையில் செய்து பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள், புகை வெளியேற்றும் வசதியுள்ள ஆய்வுகூடத்தில் செய்யும் வேலை இது. இதை இவ்வளவு விபரமாகச் சொன்னது அதன் அர்த்தம் விளங்குவதற்காகவே.)

மரத்தால் கட்டிய பசளைக் களஞ்சியம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிறிய ஊர். விவசாயிகளுக்குப் பசளை விற்கும் ஒரு கம்பனி அங்கே இருந்தது. அமோனியம் நைத்திரேற்றை மரப்பலகையால் அடித்த தொட்டிகளில், மரக் கட்டடத்துக்குள் வைத்திருந்தார்கள். 2013 ஏப்ரல் 17ஆம் திகதி மாலை அங்கே தீப்பிடித்தது. அறிவிப்புக் கிடைத்து ஏறத்தாழ 20 நிமிடங்களில் சுமார் 30 தொன் பசளை வெடித்தது. 15 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் ஓடிவந்தவர்கள்.

பெய்ரூத் துறைமுகத்தில் 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி வெடித்ததும் அதே அமோனியம் நைத்திரேற்றுத்தான். 2,750 தொன் சரக்கு வருடக் கணக்கில் ஒரு களஞ்சியத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதே களஞ்சியத்தில் பட்டாசும் இருந்தது. 200க்கும் அதிகமானோர் பலியாகினர். அதற்கும் 99 வருடங்களுக்கு முன், 1921 செப்டெம்பரில், ஜேர்மனியின் ஒப்பௌ நகரில் அமோனியம் சல்பேற்றும் நைத்திரேற்றும் கலந்த பசளைக் குவியல் வெடித்து 500க்கும் அதிகமானோர் மாண்டனர். சரக்கு வேறு நாட்டில், வேறு அளவில் இருந்தாலும் பாடம் ஒன்றுதான். இந்தப் பொருட்கள் அமைதியாகக் கிடக்கும் வரை உப்பு மூடையைப் போலவே இருக்கும்.

அமோனியம் நைத்திரேற்றுப் பசளைகளுக்கு மேலே சொன்ன செலுலோசுப் பரிசோதனை போதாது என்பதால், அவற்றை வகைப்படுத்த ஐ.நா. கைந்நூலில் தனியான பிரிவே எழுதப்பட்டிருக்கிறது.

தேறியதும் சுட்டது

"பரிசோதித்து ஒட்சியேற்றி இல்லை என்று சொல்லிவிட்டால் நிம்மதிதானே?" என்று யாரும் கேட்கலாம். அப்படி நிம்மதி அடைய முடியாது என்பதற்கு ஒரு கப்பல் சாட்சி.

மேர்ஸ்க் ஹொனம் என்ற பெரிய கொள்கலன் கப்பல் 2018 மார்ச் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து சுயஸ் நோக்கிப் புறப்பட்டது. மார்ச் 6ஆம் திகதி அரபிக் கடலில் தீப்பிடித்தது. 27 பேரில் 5 பேர் உயிரிழந்தனர். தீ தொடங்கிய சரக்கறையில் சுமார் 1,000 தொன் சோடியம் டைகுளோரோஐசோசயனுரேற்று இருநீரேற்று இருந்தது. பெயர் நீளமானாலும் பொருள் எமக்குத் தெரிந்ததுதான். குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரீன் மாத்திரைகளில் இருப்பது இந்தச் சேர்வை.

இதில் குளோரீன் நைதரசனோடு பிணைந்திருக்கிறது. ஆகவே தாளில் பார்க்கும் வடிகட்டியில் இது சந்தேகத்துக்குரியது. நீரற்ற உப்பு ஒட்சியேற்றி வகுப்பில்தான் இருக்கிறது. இருநீரேற்றோ அந்த அளவுகோலை எட்டவில்லை. எனவே விதியில் அது ஒட்சியேற்றி அல்ல என்று எழுதப்பட்டது. சூழலுக்குத் தீங்கான பொருள் என்ற 9ஆம் வகுப்பில்தான் கப்பலில் ஏறியது. விசாரணை செய்த சிங்கப்பூர் அதிகாரிகள் தீயின் காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை என்றாலும், இந்தச் சரக்கு தானே சிதைந்து வெப்பம் உண்டாக்கியிருக்கக்கூடும் என்று சுட்டிக்காட்டினர். கப்பல் கம்பனியும் ஆபத்தான சரக்குகளைக் கப்பலில் எங்கே அடுக்குவது என்ற தன் முறையை அதே ஆண்டு மாற்றியது.

பரிசோதனை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: செலுலோசோடு கலந்து சூடாக்கினால் எவ்வளவு வேகமாக எரியும்? வெயிலில் கிடந்தால் என்னவாகும், அமிலம் பட்டால் என்னவாகும், பெருந்தொகையாக அடுக்கினால் உள்ளே சூடு சேருமா என்பவை வேறு கேள்விகள். ஐ.நா. விதியே இதை ஒப்புக்கொள்கிறது. பரிசோதனை முடிவும் நடைமுறை அனுபவமும் முரண்பட்டால் அனுபவத்தின் தீர்ப்பே மேலோங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. விஞ்ஞானிகள் எழுதிய விதியில் அனுபவத்துக்கு இந்த இடம் கொடுக்கப்பட்டிருப்பது வியாபாரிகளான எமக்கும் ஒரு பொறுப்பைத் தருகிறது. மூடை சூடாக இருந்தது, வாளி மூடி ஊதியிருந்தது, மூக்கில் குளோரீன் அடித்தது என்பதை அற்ப விடயமாகத் தட்டிவிடக் கூடாது.

கடைக்காரர் செய்யக்கூடியவை

நாம் யாரும் ஓ.1 பரிசோதனை செய்யப் போவதில்லை. உற்பத்தியாளர் ஏற்கெனவே செய்திருப்பார். அந்த முடிவைக் கேட்டு வாங்குவதுதான் எமது வேலை.

முதலாவது, பையைப் பாருங்கள். யூ.என். என்ற இரண்டு எழுத்துகளும் பின்னால் நான்கு இலக்கங்களும் இருக்க வேண்டும். பொற்றாசியம் நைத்திரேற்றுக்கு 1486. பொற்றாசியம் பரமங்கனேற்றுக்கு 1490. சாதாரண வெளிற்றும் தூளுக்கு 2208. கிடைக்கக்கூடிய குளோரீன் 39 வீதத்துக்கு மேற்பட்ட உலர் ஐப்போகுளோரைற்றுக்கு 1748. மஞ்சள் நிறச் சாய்சதுரத்தில் வட்டத்தின் மேல் சுவாலை வரைந்து 5.1 என்று போட்டிருந்தால் அது ஒட்சியேற்றி. வட்டம் இல்லாத வெறும் சுவாலை எரியும் பொருளுக்குரியது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதை வேலைக்கு நிற்கும் தம்பிமாருக்கும் காட்டிக் கொடுங்கள்.

இரண்டாவது, மொத்த வியாபாரியிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். அதில் 16 பிரிவுகள் இருக்கும். 7ஆம் பிரிவு எப்படிக் களஞ்சியப்படுத்துவது என்று சொல்லும். 10ஆம் பிரிவு எதோடு சேரக் கூடாது என்று சொல்லும். 14ஆம் பிரிவு போக்குவரத்து வகுப்பைச் சொல்லும். இந்த மூன்றையும் வாசித்தால் போதும். தாள் தர முடியாது என்பவரிடம் மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அது தளர்த்தப்பட்டதை நாம் அனுபவித்தோம். இப்படியான தட்டுப்பாட்டின் போதுதான் பெயர் இல்லாத பைகளும் கைமாறும்.

மூன்றாவது, சில்லறையாகப் பிரிக்கும்போது கவனம். 25 கிலோ பையில் இருந்த அடையாளம் எல்லாம் ஒரு கிலோப் பொலித்தீன் பைக்குள் போனதும் மறைந்துவிடுகிறது. வாங்கியவர் அதைச் சீனி, சோடா உப்பு என்று நினைக்கக்கூடும். பெயரையும் "எண்ணெய், அமிலம், சாக்கு படாமல் வைக்கவும்" என்ற ஒரு வரியையும் எழுதி ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். கிணற்றுக்கு எவ்வளவு போடுவது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

நான்காவது, இடம். ஒட்சியேற்றிகளுக்குத் தனி அறை வேண்டும். முடியாவிட்டால் சீமெந்துக் கல் சுவரால் பிரித்த தனி மூலையாவது வேண்டும். மரத்தட்டுக்குப் பதிலாகச் சீமெந்து மேடை அல்லது இரும்புத் தட்டு. மண்ணெண்ணெய், தின்னர், கந்தகம், சாக்கு, வைக்கோல், பூச்சிநாசினி எதுவும் அருகில் கூடாது. வெளிற்றும் தூளையும் ஐப்போகுளோரைற்றையும் யூரியாவோடோ அமோனியம் பசளைகளோடோ அமிலத்தோடோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயுவும் வெடிக்கக்கூடிய சேர்வைகளும் உண்டாகும். தகரக் கூரைக்கு நேர்கீழே அடுக்காதீர்கள். வன்னியின் வைகாசி வெயிலில் அந்த இடம் அடுப்புப் போலாகும்.

ஐந்தாவது, சிந்தினால் மரத்தூள் வேண்டாம். பழைய துணியும் வேண்டாம். உலர்ந்த சுத்தமான பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளித் தனி வாளியில் இடுங்கள். அள்ளியதைத் திரும்பவும் நல்ல தூளோடு கலக்காதீர்கள்.

ஆறாவது, தீப்பிடித்தால். காபனீரொட்சைட்டுப் போத்தலையும் உலர்தூள் கருவியையும் நம்ப வேண்டாம். தன் ஒட்சிசனைத் தானே தரும் பொருளிடம் அவை எடுபடாது. தீ சிறிதாக இருக்கும்போது பெருமளவு தண்ணீர்தான் உதவும். தீ மூடைகளை எட்டிவிட்டால் சரக்கைக் காப்பாற்ற உள்ளே போகாதீர்கள். ஆட்களை வெளியேற்றித் தூரத்துக்குப் போங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தீயணைப்பாளர்களிடம் முதலில் சொல்லுங்கள். டெக்சஸில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் உதவிக்கு வந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

காப்புறுதி செய்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்த பட்டியலில் இந்தப் பொருட்கள் இருக்கின்றனவா? "பசளை", "ஹாட்வெயார் சாமான்" என்று பொதுவாக எழுதியிருந்தால், நட்டஈடு கேட்கும் நாளில் அது வழக்காகிவிடும். முகவரை அழைத்து இப்போதே திருத்திக்கொள்வது செலவில்லாத வேலை.

யுத்தத்துக்குப் பின் வெறும் நிலத்திலிருந்து மீண்டும் எழுந்த கடைகள் வன்னியில் ஏராளம். ஒரு கடையை ஊன்ற எத்தனை வருடம் சென்றது என்று அந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியும். அதை ஒரே இரவில் இழக்காமலிருக்க, இந்த வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக் களஞ்சியத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒவ்வொரு வெள்ளைத் தூள் மூடைக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாக்கோ, மரமோ, எண்ணெயோ இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள்.